திரி கருகும் வாசனை

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன்.  

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு நீ போன் பண்ணினாய். அந்த நேரத்தில் போன் அடித்தால் சேகரத்துச் சபைகளில் யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். அது இந்த வீட்டின் நாற்பது வருஷப் பழக்கம். போதக ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆன பிறகும் பெரியப்பா எழுந்து சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். நீ ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாய். கொல்லை மாமரம் காய்த்ததா என்று கேட்டாய். போனை வைக்கப் போகும்போதுதான், "பிரசங்கம் எழுத உட்கார்ந்தா பைபிள் வெறும் எழுத்தாத் தெரியுது பெரியம்மா. ஒண்ணும் பேச மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாய்.

அந்தச் சிரிப்பை நான் முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று சொல்லி நழுவிவிடுவாய்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பெரியப்பா மூன்று மாதம் வீட்டோடு படுத்திருந்தார், நினைவிருக்கிறதா? மஞ்சள்காமாலை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாயா என்று உன் அம்மா கேட்டாள். கொடுத்தேன் என்று கூடப்பிறந்தவளிடமே பொய் சொன்னேன். அது மஞ்சள்காமாலை இல்லை, மகனே. இருபது வருஷத்துக்கு மேல் மூடி வைத்திருந்ததை உன்னிடம் சொல்லலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "எழுது. ஒண்ணும் விடாம எழுது" என்றார்.

அப்போது பனங்காட்டுக்கு நடுவே ஒரு சேகரத்தில் இருந்தோம். பதினொரு சபை, அவருக்கு உதவியாக ஒரே ஒரு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், நடுவில் வீட்டு ஜெபங்கள், பிரதிஷ்டைகள், நிச்சயதார்த்தங்கள். பள்ளிக்கூடத்துக்கு அவரே தாளாளர். வாத்தியார் நியமனத்தில் இரண்டு கட்சி. திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்த வருஷம் வேறு. யார் வீட்டில் அதிக நேரம் உட்கார்ந்தார் என்று இந்தக் கட்சி கணக்கெடுக்கும், யார் வீட்டில் காப்பி குடித்தார் என்று அந்தக் கட்சி கணக்கெடுக்கும். பாதியில் நின்ற கோயில் கட்டடத்துக்குக் கம்பி வாங்கிய கடன் அவர் கையெழுத்தில் இருந்தது. அந்த வருஷம் லெந்து தொடங்கி ஈஸ்டர் முடிவதற்குள் பதினான்கு அடக்கம் எடுத்தார். அதில் நான்கு, பிள்ளைகள்.

குருமனை வாசலில் ஒரு வேப்பமரம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். நான் குழம்பைச் சூடு பண்ணப் போவேன். ஆள் உள்ளே வர மாட்டார். ஒருநாள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மடியில் அங்கி வைத்த பை. ஒரு கை பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தது. அரைமணி நேரம். மறுநாளும் அப்படியே. போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன், ஜெபிக்கிறார்போல என்று விட்டுவிட்டேன். பின்னால் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்: "உள்ள வந்தா திண்ணையில இன்னொரு ஆள் காத்துக்கிட்டு இருப்பாரோன்னு பயமா இருக்கும். வெளிய இருக்கிற வரைக்கும் நான் வீட்டுக்கு வரல, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

கடைசியாக எடுத்த பிள்ளையின் அடக்கம் முடிந்து வந்த மத்தியானம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் பதில் இல்லை. மோர் ஊற்றும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்தத் தாய் என் காலைப் பிடிச்சு அழுதா. எனக்கு ஒண்ணுமே வரல. எப்ப முடியும், வெயில் ஏறுதேன்னு நினைச்சுக்கிட்டு நின்னேன்." இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நான் என்ன மனுஷன்?" என்றார்.

நான் மனநலச் செவிலியப் பாடம் எடுத்தவள். இருபத்தாறு வருஷம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்படி உழைத்தே எரிந்துபோவதற்குப் பர்ன்அவுட் என்ற பேரை எழுதிப் பரவச் செய்தவர் நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், 1974-இல். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு நடத்திய இலவச மருத்துவமனையில் சம்பளமில்லாமல் உழைத்த தொண்டர்களைப் பார்த்து எழுதினார். கடமைக்கு வந்து போனவர்கள் தப்பித்தார்கள். மனசைக் கொடுத்து உழைத்தவர்களே முதலில் விழுந்தார்கள். பிராய்டன்பெர்கரும் அப்படி விழுந்தவர்தான். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு வினாத்தாளைக் கொண்டுவந்தார். மூன்று அடையாளம்: உள்ளே வற்றிப்போவது, எதிரே நிற்கிற மனுஷன் மனுஷனாகத் தெரியாமல் போவது, என் வேலையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற எண்ணம். வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். என் வீட்டு மேஜையில் மூன்றும் வந்து உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நோயாளி என்றால் தெரிந்திருக்கும். சபையை நடத்துகிற போதகர், ஐயர், என்பதால் தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான், உன்னை உனக்கே தெரியாது.

மின்சாரம் போனால் ஏற்றி வைக்க எங்களிடம் ஒரு அரிக்கேன் விளக்கு உண்டு. மண்ணெண்ணெய் இருக்கிற வரை திரி எவ்வளவு நேரம் எரிந்தாலும் அவ்வளவாக அழியாது, எரிவது எண்ணெய்தான். எண்ணெய் அடியில் போய்விட்டால் திரியே எரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் உடனே குறையாது. தூரத்தில் இருப்பவருக்கு விளக்கு எரிவதாகவே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ஒரு கருகல் வாசனை வரும். அந்த வாசனை உன் சிரிப்பில் வந்தது. உன் பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்று உன் சபையார் இன்னும் சொல்வார்கள். யூடியூபில் போடுகிறார்களே, நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் காலத்தில் ஊழியக்காரன் எரிந்துபோவதுதான் மகிமை என்று கற்றுக்கொடுத்தார்கள். ஹென்றி மார்ட்டினைச் சொல்லாத வைராக்கியக் கூட்டம் இல்லை. 1806-இல் கல்கத்தாவில் வந்து இறங்கி, தேவனுக்காக எரிந்து தீர வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி, புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812-இல் துருக்கியில் தோக்காத் என்ற ஊரில் முப்பத்தொரு வயதில் இறந்தார். அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பெரியப்பா எத்தனையோ வாலிபரை எழுப்பியிருக்கிறார். எனக்கு அந்தச் சரித்திரத்தில் வேறொன்று கண்ணில் படும். காய்ச்சலோடு இருந்த மனுஷனைப் படுக்க விடாமல் வழிகாட்டி குதிரைமேல் விரட்டிக்கொண்டு போனான். ஒரு செவிலி பக்கத்தில் இருந்திருந்தால் அவரை இறக்கிப் படுக்கவைத்திருப்பாள். இன்னும் இரண்டு பாஷைக்கு வேதம் கிடைத்திருக்குமோ என்னவோ. பிரிவு உபசார விழாவில் நம் ஆட்கள் மாலை போட்டு, "மெழுகுவர்த்தியாய் உருகினார்" என்று வாசிக்கிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். உருகி முடிந்த மெழுகுவர்த்தியை அடுத்த நாள் சுரண்டி எடுப்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பைபிள் வெறும் எழுத்தாகத் தெரிகிறது என்றாயே, அதற்கு வருகிறேன். அது உன்னோடு பிறந்த பாவம் என்று நினைத்துக்கொள்ளாதே. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார் என்று பெரியப்பா சொல்வார். நடுப்பகலில் வருகிற பிசாசு என்று அதற்குப் பேர். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், அறைக்கு வெளியே எட்டி எட்டிப் பார்க்கச் சொல்லும், இருக்கிற இடம் கசக்கும், கூட இருக்கிறவர்களுக்கு அன்பே இல்லை என்று படும். ஜெபமே தொழிலாக இருந்த மனுஷர்களுக்கு வந்தது. ஆயிரத்து அறுநூறு வருஷமாக இருக்கிற வியாதி, உன் அழைப்பு பொய் என்பதற்கு அது சாட்சி இல்லை.

சோர்ந்துபோன எலியாவைப் பற்றி நீயே பத்துத் தரம் பிரசங்கம் பண்ணியிருப்பாய். அதனால் எண்ணாகமம் பதினொன்றைப் படி. வெள்ளரிக்காயும் கொம்மட்டிக்காயும் கேட்டு ஜனங்கள் கூடாரத்துக்குக் கூடாரம் அழுகிறார்கள். மோசே கர்த்தரிடம் என்ன பேசுகிறான் என்று பார். இவர்களை நானா வயிற்றில் சுமந்து பெற்றேன், பால்குடிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறீரே, என்னால் முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிறான். இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி சாவைக் கேட்கிறான். அதற்குக் கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, இன்னும் கொஞ்சம் ஜெபி என்றும் சொல்லவில்லை. எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, சுமையை அவர்கள்மேலும் வைக்கிறேன் என்கிறார். ஆள் கொடுத்தார், மகனே.

பெரியப்பாவுக்கு யாரும் ஆள் கொடுக்கவில்லை. விடுப்புக் கேட்டு எழுதிக்கொண்டு போனபோது மேலிடத்தில் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஜெபக்குறைவு" என்றார். பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தார். அன்றையிலிருந்து காலை நாலு மணிக்கு எழுந்த மனுஷன் மூன்று மணிக்கு எழ ஆரம்பித்தார். தூக்கம் வராதவனுக்கு அது கஷ்டமா? முழங்காலில் நிற்பார், உதடு அசையும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அப்படி இரண்டு வாரம் போன பிறகு ஒரு ராத்திரி, "நான் இல்லேன்னா இந்தச் சேகரம் நிம்மதியா இருக்கும். நீயும்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்குள் இருந்த செவிலி விழித்துக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் காத்திருக்கக் கூடாது என்று வகுப்பில் நான் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். காலர் வேண்டாம் என்று கழற்றிவிட்டு, கட்டம் போட்ட சட்டை போட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மனநல மருத்துவரின் வரவேற்பறையில் கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவி வந்தாள். பார்த்தால் எங்கள் சேகரத்து ஆள். பெண்கள் சங்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள். அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை அவர் கையில் வைத்தாள். "ஏழு வருஷமா மாத்திரை போடுதேன் ஐயா. நீங்க என்ன நினைப்பியளோன்னு சொல்லல" என்றாள். அவர் அந்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பதினான்கு அடக்கத்தில் வராத அழுகை அங்கே வந்தது.

அவருக்கு வந்தது வெறும் களைப்பைத் தாண்டிய மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொன்னார். இந்த வித்தியாசம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலை தொடர்பான நிலை என்றுதான் பட்டியலில் சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. வேலையின் அமைப்பு மாறினால், ஓய்வு கிடைத்தால் அது தணியும். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வு நோய் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வைத்தியம் வேண்டும். விடிவதற்கு முன்னே விழிப்பு வருகிறதா, சாப்பாடு ருசிக்கவில்லையா, முன்னால் பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, இது இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருக்கிறதா, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா: என்னிடம் ஒன்றையும் மறைக்காதே. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்ததைப் பின்மாற்றம் என்று நினைத்து உபவாசம் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 2008-இல் யுனைடெட் மெத்தடிஸ்ட் போதகர்கள் ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் விசாரித்தார்கள். தொலைபேசியில் பதில் சொன்னவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. அந்த நாட்டுப் பொதுக் கணக்கு 5.5 சதவீதம்தான். கொரோனாவுக்குப் பிறகு, 2022 மார்ச்சில், பார்னா என்ற ஆய்வு நிறுவனம் கேட்டபோது அந்நாட்டுப் போதகர்களில் 42 சதவீதம் பேர் முழுநேர ஊழியத்தை விட்டுவிடலாமா என்று அந்த ஒரு வருஷத்துக்குள் யோசித்ததாகச் சொன்னார்கள். அப்படி யோசித்தவர்களில் 43 சதவீதம் பேர் சொன்ன காரணம் தனிமை. வாரத்தில் ஏழு நாளும் ஜனங்களுக்கு நடுவே நிற்கிறவர்கள் சொன்ன காரணம் அது.

மாத்திரை பெரியப்பாவுக்கு ஆறு வாரத்தில் தூக்கத்தைக் கொடுத்தது. மீதியை வேறு இரண்டு காரியம் கொடுத்தது.

ஒன்று, பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை. கத்தோலிக்கர். கோயில் திருவிழா மைக் செட் தகராறில் அறிமுகமானவர். அவர் விசாரிக்க வந்தார், நான் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, "வாங்க ஐயா, கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மாற்றலாகிப் போகும்வரை எந்தத் திங்களும் அது நிற்கவில்லை. அவருக்கு நம் திருமண்டலத்தில் ஓட்டு இல்லை. பெரியப்பாவின் மாற்றலை முடிவுபண்ணும் இடத்தில் அவர் இல்லை. அதனால் பேச முடிந்தது. உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும். கூடப் படித்த இறையியல் கல்லூரி நண்பர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நாளைக்கு அதே நாற்காலிக்கு நீயும் அவனும் நிற்க வேண்டி வரும். உன்னை "ஐயா" என்று கூப்பிடாத, உன்னிடம் ஒரு காரியமும் ஆக வேண்டியிராத ஒரு ஆளைத் தேடிப் பிடி.

இன்னொன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு. இங்கிலாந்தில் லெஸ்லி பிரான்சிஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் மனோதத்துவ ஆய்வாளராகவும் இருக்கிறார். குருமாருக்கென்றே இருபத்திரண்டு கேள்வி உள்ள ஒரு அளவுகோலைச் செய்தார். பாதி சோர்வைக் கேட்கும், பாதி ஊழியத்தில் கிடைக்கிற நிறைவைக் கேட்கும். சோர்வு ஏறினால் நிறைவு தானாக இறங்கிவிடும் என்பதில்லை, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதும், நிறைவு பலமாக இருக்கிற இடத்தில் சோர்வு ஆளைச் சாய்ப்பது குறைகிறது என்பதும் அவர் பல நாட்டில் பார்த்த காரியம். பெரியப்பாவுக்கு அந்த ஆராய்ச்சி அப்போது தெரியாது. மருத்துவர் சொன்னார் என்று ராத்திரி, அன்று நிறைவு தந்த ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுத ஆரம்பித்தார். முதல் வாரம் நோட்டில் தேதி மட்டும்தான் இருக்கிறது. எட்டாம் நாள்: "வடக்குத் தெருப் பாட்டி திருவிருந்து வாங்கும்போது என் கையைத் தட்டிக்கொடுத்தாள்." அடுத்த வாரம்: "பனையேறி ஒருவர் பதநீர் கொண்டுவந்தார். ஒன்றும் கேட்கவில்லை." காணிக்கைக் கணக்கோ, கூட்டம் எத்தனை பேர் என்பதோ அந்த நோட்டில் எங்கும் இல்லை. அதை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அந்தப் பிள்ளைக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஐயரம்மா என்றால் சம்பளமில்லாத உதவி குரு என்று நம் சபைகள் நினைக்கின்றன. பெண்கள் சங்கத்தை அவள் நடத்த வேண்டும், ஓய்வுநாள் பள்ளியை அவள் பார்க்க வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட வேண்டும், பட்டுச் சேலை கட்டினாலும் பேச்சு, கட்டாவிட்டாலும் பேச்சு. இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: சேகரத்தில் எல்லோருக்கும் போதகர் இருக்கிறார், அவளுக்கு இல்லை. தன் வீட்டுச் சண்டையை அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? அவள் வேலைக்குப் போவதாக இருந்தால் போகட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் உன் போன் வரவேற்பறையில் இருக்கட்டும். சாவு விழுந்தால் உபதேசியார் வந்து கதவைத் தட்டுவார். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரும் ஜெபக் குறிப்புக்கு விடிந்த பிறகு ஆமென் போட்டாலும் கர்த்தர் ஏற்றுக்கொள்வார்.

திங்கட்கிழமையை உனக்கென்று எடுத்துக்கொள். சேகரக் கமிட்டியில் எழுத்தில் வை, அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசி. முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பார்கள். உன் ஒன்பது சபையில் வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர் ஒருவராவது இருப்பார், கணக்கு நோட்டை அவரிடம் கொடு. வியாதியஸ்தரைப் பார்க்க மூப்பர்களை அனுப்பு. ஐயரே வந்தால்தான் ஜெபம் என்று அவர்களைப் பழக்கியது நாங்கள்தான், எங்கள் தலைமுறை. அந்தக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் நீ ஒருவனே செய்து தீர்த்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. பதினொரு சபைக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டு, அவன் விழுந்தால் அவன் ஜெபத்தைச் சந்தேகிப்பது அநியாயம். விடுப்புக் கேட்ட குருவின் பேரில் அது கறுப்புப் புள்ளியாக விழக் கூடாது. மாற்றல் போடுகிறவர்களுக்குக் கீழே இல்லாத ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் வேண்டும். நமக்கு இது புது வழியும் இல்லை. வேலூரில் நம் மிஷன் மருத்துவமனை பாகாயத்தில் மனநல மையத்தை 1950-களிலேயே தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து வைத்தியம் பார்த்தது. ஊர் ஜனத்துக்கு அதைச் செய்த சபை தன் குருமாருக்குச் செய்யாமல் இருப்பது சரியில்லை. பெரியப்பா இதைப் பேராயருக்கு எழுதப்போகிறார், தன் பேரைப் போட்டு, தன் கதையையும் போட்டு. எழுபத்து நாலு வயதில் எனக்கென்ன பயம் என்கிறார்.

இப்போது உன் காரியம். எந்த ராத்திரியாவது மனசு ரொம்ப இருட்டிவிட்டால் எனக்குப் போன் பண்ணு, மாம்பழத்தைக் கேட்காமல் நேராகச் சொல். நான் எடுக்காவிட்டால் 14416-க்குப் பண்ணு. அரசாங்கம் நடத்துகிற டெலிமானஸ், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை பஸ் ஏறி வா. நம் பழைய மருத்துவரின் மகள்தான் இப்போது பார்க்கிறாள், அன்று சாயங்காலத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் பெரியப்பா உன் சேகரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். நீ கமிட்டிச் செயலரிடம் சொன்னால் போதும். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். எங்கே போகிறீர்கள் என்று ஊரில் கேட்பார்கள். மஞ்சள்காமாலை என்று சொல்லாதே. மனசு சரியில்லை, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

உன் அன்புள்ள,
பெரியம்மா